முன்னால் போகிறவர் ஏன் தோற்கிறார்? சாலை சைக்கிள் பந்தயம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் பக்கத்தில் வந்து டயரை அமுக்கிப் பார்ப்பார். "ஏனுங்க, இது என்ன வெலைங்க?" விலையைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். "அப்ப இதுல போனா ஜெயிச்சர்லாமுங்களா?" பெஞ்சின் மறுகோடியிலிருந்து இன்னொருவர் சொல்வார், "எங்க மச்சான் பையன் கன்னியாகுமரில இருந்து காஷ்மீர் வரைக்கும் மிதிச்சுட்டுப் போனவனுங்க. அவந்தான் சாம்பியன்."

இரண்டுமே அன்பாகச் சொல்லப்படுபவை. ஆனால் சாலைப் பந்தயத்தில் ஒருவர் எப்படி ஜெயிக்கிறார் என்பதற்கு சைக்கிள் விலையும் பதில் இல்லை, போன தூரமும் பதில் இல்லை. கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடமாகச் சைக்கிள் மிதிக்கிறேன். டீ ஆறுவதற்குள் அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. முழுப் பதிலையும் ஒருதரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மூன்று காரியங்கள், ஒரே பெயர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காஷ்மீர் வரை மிதிப்பது பயணம். அதற்குப் பெரிய மனவுறுதி வேண்டும். ஆனால் அங்கே எதிராளி கிடையாது.

இரண்டாவது வகை பிரெவே. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள், வழியில் வெளியாள் உதவி இல்லாமல் முடிப்பது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி நேரம், 600க்கு 40 மணி நேரம் என்று கணக்கு. இதில் முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். கோவைப் பக்கம் பலரும் செய்வது இதைத்தான். அக்கம்பக்கத்தார் இதை ரேஸ் என்று நினைத்து "எத்தனாவது வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை.

மூன்றாவதுதான் சாலைப் பந்தயம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். முடிவுக் கோட்டை முதலில் தொடுபவர் வென்றவர். ஒரு நாள் பந்தயத்தில் எவ்வளவு நேரம் ஆனது என்பது பொருட்டே இல்லை, யார் முன்னால் என்பதுதான் கணக்கு. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது மட்டும்.

அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி அல்ல

நம்மூரில் அமெச்சூர் என்ற சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகப் பயன்படுத்துகிறோம். பழைய சபா நாடகங்களை நினைத்துப் பாருங்கள். பகலில் பேங்க்கில் லெட்ஜர் எழுதியவர், ஆறு மணிக்கு மேல் அரிதாரம் பூசி ராஜாவாக நிற்பார். அவர்களை அமெச்சூர் குழு என்றுதான் சொன்னோம். நடிப்பு மட்டமாக இருந்தது என்பதற்காக அல்ல, சோறு போட்டது வேறு வேலை என்பதற்காக. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு நேசிப்பவர் என்றே பொருள்.

சைக்கிளிலும் அப்படித்தான். தொழில்முறை வீரருக்கு அணி சம்பளம் தரும். அமெச்சூர் வீரருக்குத் தராது. இந்தப் பிரிவு ஒரு காலத்தில் மிகக் கறாராக இருந்தது. 1921இல் கோபன்ஹேகனில் முதல் சாலை உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது அது அமெச்சூர்களுக்கு மட்டுமே. தொழில்முறையாளர்களுக்கு 1927இல்தான் தனிப் பட்டம் வந்தது. ஒலிம்பிக் சாலைப் பந்தயம் 1996 அட்லாண்டாவில்தான் தொழில்முறையாளர்களுக்குக் கதவைத் திறந்தது. அதே 1996இல்தான் உலக சாம்பியன்ஷிப்பில் அமெச்சூர் என்ற பிரிவு மறைந்து, 23 வயதுக்கு உட்பட்டோர் என்ற பிரிவு அதன் இடத்துக்கு வந்தது.

ஆக, நடுவே சில வருடங்கள் தவிர, முக்கால் நூற்றாண்டாக அமெச்சூர் உலக சாம்பியன் என்று ஒருவர் இருந்தார். அவர் இரண்டாம் தரம் அல்ல. அந்த வரிசையில் ஒருவரைப் பற்றிக் கீழே சொல்லப்போகிறேன். அதற்கு முன் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். காற்று புரியாவிட்டால் அவர் செய்தது புரியாது.

உண்மையான எதிராளி

பாலக்காட்டுக் கணவாயில் வாழ்கிறவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த இடம் இது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கிளம்பும் காற்று இந்தச் சந்துக்குள் நுழைந்து வேகம் பிடிக்கும். பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓலையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மார்கழி, தையில் அதுவே கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். காற்றாலைகளை இந்தப் பக்கம் கொண்டுவந்து நட்டதும் இதனால்தான்.

ஆடி மாதம் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி மேற்கே மிதித்துப் பாருங்கள். சைக்கிளை யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். காற்று இல்லாத நாளிலும் இதே இழுப்பு உண்டு, ஏனென்றால் நாம் நகரும்போது நின்றுகொண்டிருக்கும் காற்றைப் பிளந்துகொண்டுதான் போகிறோம். குடையை விரித்துக்கொண்டு மெல்ல நடந்தால் ஒன்றும் தெரியாது. அதே குடையோடு ஓடிப் பாருங்கள், கம்பி வளையும்.

இந்த இழுப்புக்குக் காற்றுத்தடை என்று பெயர். இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. அந்த நான்கு மடங்கு தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், காற்றுக்காகக் கால் கொடுக்க வேண்டிய திறன் எட்டு மடங்காகிறது. திறன் என்றால் ஒவ்வொரு நொடியும் செலவாகும் உழைப்பு. பல்பில் எழுதியிருக்கிறதே வாட், அதே அளவில்தான் இதையும் அளக்கிறார்கள்.

20 கிலோமீட்டர் வேகத்தில் பால் கேனோடு போகிறவரை 40இல் போகச் சொன்னால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு கொடுக்க வேண்டும். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றுக்கே போய்விடுகிறது. செயின், டயர், பேரிங் எல்லாம் சேர்ந்து தின்பது சொற்பம். சைக்கிள் விலையைக் கேட்கும் அண்ணன்களுக்கு என் பதில் இதுதான். மிதிப்பவரின் உடம்புதான் காற்றுக்குப் பெரிய சுவர். அதை விலை கொடுத்து மெலிதாக்க முடியாது, குனிந்துதான் மெலிதாக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: வேகம் கூடக் கூடக் காற்று கேட்கும் விலை கூடுகிறது, அதுவும் நேர்க்கணக்கில் அல்ல, தாவித் தாவி. எனவே காற்றுக்குக் கொடுப்பதைக் குறைக்கத் தெரிந்தவரிடம்தான் கடைசிக் கிலோமீட்டரில் மிச்சம் இருக்கும்.

வீல் பிடிப்பது

குறைப்பது எப்படி? இன்னொருவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் வழி. சின்ன வயதில் வைக்கோல் வண்டிக்குப் பின்னாலேயே சைக்கிளில் ஒட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது தெரியும். (லாரிக்குப் பின்னால் இதைச் செய்யாதீர்கள். பிரேக் அடித்தால் நமக்கு நேரம் இருக்காது.) முன்னால் போகிறவர் காற்றைப் பிளந்து ஒதுக்குகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச இடத்தில் காற்று அடங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் நம் சைக்கிளை வைத்துக்கொண்டால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பெரிய கூட்டத்தின் நடுவில் இருந்தால் அதைவிடவும் அதிகம். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள். எங்களுக்குள் வீல் பிடிப்பது என்றுதான் பேச்சு.

கிட்டத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி. நெருங்க நெருங்கக் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று அடங்கும், ஏதோ அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தின மாதிரி. அப்போது சக்கரத்தையே வெறித்துப் பார்க்கக் கூடாது. அவர் இடுப்பையும் தோளையும் பார்க்க வேண்டும். காது அவருடைய ஃப்ரீவீலில் இருக்க வேண்டும். அவர் மிதிப்பதை நிறுத்தினால் 'கிர்ர்' என்று சத்தம் வரும், அந்த நொடியே நாமும் காலை விட வேண்டும். அவர் முழங்கையை லேசாக ஆட்டினால் "என் முறை முடிந்தது, நீ வா" என்று அர்த்தம்.

ஒருதரம் நான் அந்தச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. என் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தில் உரசியது. இப்படி உரசினால் விழுவது எப்போதும் பின்னால் இருப்பவர்தான். வலது காறை எலும்பு உடைந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு லீவு எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது.

காற்று நேர் எதிரே வந்தால் நேர் பின்னால் நிற்கலாம். பக்கத்திலிருந்து வந்தால்? கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளத்துக்கு வடக்கே போகும்போது, ஆடிக்காற்று இடது தோளில் அடிக்கும். அப்போது மறைவு நேர் பின்னால் இல்லை, வலப்பக்கம் சற்று சாய்ந்து கிடக்கும். ஒவ்வொருவரும் முன்னவருக்குக் கொஞ்சம் வலது ஓரமாக நிற்க, வரிசை சாலையில் சாய்வாக விரியும். இதற்கு எசலான் என்று பெயர். சாலையின் அகலம் முடிகிற இடத்தில் மறைவும் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர் என்ன பலசாலியானாலும் தனியாகக் காற்றைத் தின்ன வேண்டியதுதான். மலையே இல்லாத சமதளப் பந்தயத்தில் அரை மணி நேரத்தில் கூட்டம் நாலாகச் சிதறுவது இதனால்தான். பார்க்கிறவர்கள் அவர்கள் களைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் அவர்கள் நின்ற இடம் தப்பு.

சுருக்கமாக: பின்னால் இருப்பவர் சேமிக்கிறார், முன்னால் இருப்பவர் செலவழிக்கிறார். கூட்டத்துக்கு பெலோட்டான் என்று பெயர். அதிலிருந்து தப்பி முன்னால் ஓடும் சிலருக்கு பிரேக்அவே என்று பெயர். பந்தயம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் பேரம்.

பலசாலி ஜெயிக்காத நாள்

இப்போது அந்த மனிதர். குஸ்டாவ் அடோல்ஃப் ஷூர், கிழக்கு ஜெர்மனிக்காரர், பிறந்தது 1931இல். எல்லோரும் டேவே என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். வார்சா, பெர்லின், பிராக் நகரங்களை இணைத்து மே மாதத்தில் பல நாள் நடந்த அமைதிப் பந்தயத்தை 1955இலும் 1959இலும் வென்றார். 1958இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் அமெச்சூர் உலக சாம்பியன். (அதே ரெய்ம்ஸில் அதே வருடம்தான் பெண்களுக்கான சாலை உலகப் பட்டம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. வென்றவர் லக்ஸம்பர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ். இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.) 1959இல் நெதர்லாந்தின் ஸான்ட்ஃபோர்ட்டில் ஷூர் மறுபடியும் சாம்பியன்.

1960 ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப் அவருடைய சொந்த நாட்டிலேயே, சாக்ஸன்ரிங் தடத்தில் நடந்தது. மூன்றாவது முறையும் அவர்தான் ஜெயிக்க வேண்டும் என்று ஓரமெல்லாம் ஜனம். கடைசிக் கட்டத்தில் முன்னால் மூன்று பேர். ஷூர், அவருடைய அணித்தோழர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைன், பெல்ஜியத்தின் வில்லி வான்டென்பெர்கன்.

இங்கே நிறுத்தி, பெல்ஜியக்காரர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எக்ஸ்டைன் திடீரென்று எழுந்து நின்று மிதித்துத் தனியாகக் கிளம்புகிறார். துரத்தலாம். ஆனால் துரத்தினால் காற்றைத் தின்பது நீங்கள், உங்கள் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா வருவது ஷூர், இரண்டு முறை உலக சாம்பியன். எக்ஸ்டைனைப் பிடித்தாலும் கடைசி இருநூறு மீட்டரில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஷூர் பாய்வார். துரத்தாமல் இருந்தால் எக்ஸ்டைன் போய்விடுவார். எல்லோரும் சொல்லும் பெயர் ஷூர்தானே, அவரும் ஜெயிக்கத்தானே வந்திருக்கிறார், அவரே துரத்தட்டும் என்று காத்திருக்கலாம். வான்டென்பெர்கன் காத்திருந்தார். ஷூரும் அசையவில்லை. எக்ஸ்டைன் போய்ச் சேர்ந்துவிட்டார். எக்ஸ்டைன் முதல், ஷூர் இரண்டாவது, வான்டென்பெர்கன் மூன்றாவது.

ஷூருடைய கால் அன்று ஓய்ந்துவிடவில்லை. அவர் தன்னுடைய பேரையே தூண்டிலில் புழுவாகக் கோத்தார். இரண்டு பட்டத்தின் பயம்தான் பெல்ஜியக்காரரை அந்த இடத்தில் கட்டிப்போட்டது. பலம் குறைந்தவராக இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே முடியாது, யாரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சதுரங்கத்தில் ராணியைக் கொடுத்து ஆட்டத்தை எடுப்பது போலத்தான். ஆனால் சதுரங்கத்தில் ராணிக்கு ஆசை கிடையாது. ஷூருக்கு மூன்றாவது பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சொந்த ஜனம் அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை இதை யாருக்காவது சொல்லும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மலையில் மட்டும் கணக்கு மாறும்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வீல் பிடிப்பதால் பெரிய லாபம் இல்லை. வேகம் 12, 15 என்று இறங்கிவிடும், காற்றுத்தடை மிகவும் குறைந்துபோகும். அங்கே எதிராளி நம் எடைதான். எடை தூக்கும் உழைப்பை உடம்பு எடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான் மலைக்கணக்கு. 80 கிலோ ஆள் 240 வாட் கொடுத்தால் கிலோவுக்கு 3. 60 கிலோ ஆள் அதே 240ஐக் கொடுத்தால் கிலோவுக்கு 4. இரண்டாமவர் ஒன்பதாவது வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுவார். சமதளத்தில் கிங்கரன் மாதிரி இழுத்தவர் அட்டகட்டியில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

வருடங்கள் எங்கே போகின்றன

ஒரு சாம்பியனின் பாதை பந்தய நாட்களால் ஆனது என்று தோன்றும். அப்படி இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் யாரும் பார்க்காத நாட்கள்.

உடம்பு பயிற்சியில் பலம் பெறுவதில்லை, பயிற்சிக்குப் பிறகு வரும் ஓய்வில்தான் பலம் பெறுகிறது. கடுமையாக மிதிக்கும்போது தசை களைத்து லேசாகச் சிதைகிறது. தூக்கத்திலும் சாப்பாட்டிலும் உடம்பு அதைச் சரிசெய்யும்போது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வைக்கிறது. இதற்கு மீட்சி என்று பெயர். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எந்த விவசாயிக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உழுதால் மட்டும் போதாது, காயப் போடவும் வேண்டும். புதிதாக வருகிற பையன்கள் தினமும் உயிரைக் கொடுத்து மிதித்து மூன்றே மாதத்தில் மங்கிப்போவது ஓய்வு எடுக்கத் தெரியாமல்தான்.

சாப்பாடும் அப்படியே. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். கடுமையாக மிதித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் அது தீர்ந்துபோகும். தீர்ந்தால் கண் இருட்டும், கை நடுங்கும், கால் சொன்ன பேச்சுக் கேட்காது. அதனால் பசிப்பதற்கு முன்பே சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். என் சட்டையின் பின்பையில் எப்போதும் இரண்டு நேந்திரம்பழம் இருக்கும். தோலை மட்டும் சாலையில் போடுவதில்லை, பின்னால் வருகிறவர் வழுக்குவார்.

பாதை பெரும்பாலும் உதவியாளாகத்தான் தொடங்கும். முதல் சில வருடங்கள் அணியின் முதல் வீரருக்காகக் காற்றைத் தின்பது, தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பது, அவர் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவது. இவர்களுக்கு டொமெஸ்டிக் என்று பெயர். முடிவுப் பட்டியலில் எழுபதாவது இடத்தில் இருக்கும் அந்தப் பெயர் இல்லாமல் முதலிடம் வந்திருக்காது. பிறகு சின்னப் பந்தயம், மாவட்டம், மாநிலம், தேசியம். நம் நாட்டில் அந்த உயரத்துக்கு வருபவர்களில் பலருக்கு ரயில்வேயோ ராணுவமோ வேலை கொடுத்துத் தாங்குகிறது. ஷூர் காலத்துக் கிழக்கு ஐரோப்பாவில் அரசே தாங்கியது. பேருக்கு மாணவர், தொழிலாளி, சிப்பாய் என்று இருந்தாலும் பலருக்கு முழுநேரப் பயிற்சிதான். மேற்கு நாட்டு அமெச்சூர்கள் அதைக் குறை சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. எனக்குத் தெரிந்த அமெச்சூர் வாழ்க்கை வேறு. இரவு ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வெளியே வந்து, தூங்குவதா மிதிப்பதா என்று கேட் அருகே நின்று யோசிப்பது. பெரும்பாலும் தூங்கத்தான் வேண்டும்.

எங்கள் குழுவில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். கால் நன்றாக இருக்கிறது. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வாரமும் முன்னால் பாய்ந்து போவான், எட்டிமடைப் பக்கம் போவதற்குள் எல்லாம் செலவாகி எங்களுக்குப் பின்னால் வருவான். "அண்ணா, உங்களைவிட எனக்குத்தானே பலம் அதிகம்?" என்று ஒருநாள் கேட்டான். ஆமாம் தம்பி, அதிகம்தான் என்று சொன்னேன். அது உண்மை.

போன ஆடியில் வேலந்தாவளம் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். தோப்பு முடிந்து வெளி தொடங்கும் இடத்தில் இடப்பக்கப் பனைகள் எல்லாம் சலசலக்க ஆரம்பித்தன. நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஒருதரம் ஓலையைப் பார்த்தான். பிறகு என் பின்சக்கரத்துக்கு நேர் பின்னாலிருந்து மெல்ல விலகி, வலப்பக்கம் அரைச் சக்கரம் தள்ளி வந்து நின்றுகொண்டான்.